முப்படையில் நர்ஸாகப் போக நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு: எதை முதலில் பார்ப்பது, எந்தப் படையை எடுப்பது

உயர்தரத்தில் பயோ செய்த பிள்ளைகள் ரிசல்ட் வந்த கையோடு கேட்பது இதுதான்: "நர்சிங் செய்யணும், போர்ஸஸ்ல போனா சம்பளத்தோட படிக்கலாமாமே, ஆர்மியா, நேவியா, எயார்போர்ஸா, எது நல்லம்?" நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டில் வேலை செய்கிறவள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் போர்ம் நிரப்பிக் கொடுப்பதும் என் வழக்கம். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும், ஒவ்வொரு முறையும் நான் சொல்வதும் ஒன்றுதான். எந்தப் படை என்பதைக் கடைசியில் பாருங்கள். அந்த வழியில் போனால் உங்கள் கையில் என்ன தகுதி மிஞ்சும் என்பதை முதலில் பாருங்கள். யூனிபோமின் நிறம் ஒருநாள் கழற்றி வைக்கிற விஷயம், நர்ஸ் என்கிற பதிவு சாகும்வரை கூட வரும்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் இனிச் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் படி: எந்தப் பதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று விளம்பரத்தை வாசியுங்கள்

படைகளின் மருத்துவப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எல்லாமே நர்ஸ் விளம்பரம் இல்லை. பத்திரிகையில் வெள்ளை உடுப்போடு ஒரு படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் நர்சிங் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வாசித்தால் நாலு விதமான பதவி இருக்கும்.

ஒன்று, அதிகாரியாகப் போவது. இதற்கான நேர்வழி ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம், நாம் கே.டி.யு. என்று சொல்வது. தலைமை வளாகம் இரத்மலானையில். கே.டி.யு.வில் நர்சிங் நாலு வருடப் பட்டப்படிப்பு. ஒரே படிப்பை இரண்டு விதமாகப் படிக்கலாம். கெடேற்றாக, அதாவது படையின் பயிலுநர் அதிகாரியாகச் சேர்ந்தால் கட்டணம் இல்லை, சம்பளமும் வரும், முடித்தபின் படையில் கட்டாயம் சேவை செய்ய வேண்டும். வெளியிலிருந்து வந்து படிக்கிற மாணவராகச் சேர்ந்தால் கட்டணம் கட்ட வேண்டும், படைக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "கே.டி.யு. என்றால் லட்சக்கணக்கில் காசு" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். காசு கட்டுவது இரண்டாவது கூட்டம். கெடேற்றுக்குத் தேவை புள்ளியும் உடம்பும் இன்டர்வியூவில் நிமிர்ந்து பேசுகிற தைரியமும். ஒவ்வொரு வருடமும் எந்தப் படை எந்தப் பாடத்துக்கு எத்தனை பேரைக் கேட்கிறது என்பது மாறும், ஆகவே போன வருடம் அக்கா போனாள் என்று இந்த வருடத்தையும் கணக்குப் போடாதீர்கள், அந்த வருட அழைப்பை எடுத்து வாசியுங்கள்.

இரண்டு, படையே தனக்கென்று பயிற்சிக்கு எடுக்கிற மாணவ நர்ஸ். சிப்பாய் தரத்தில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, அப்புறம் நர்சிங் படிப்பது. மூன்று, ஏற்கெனவே நர்சிங் முடித்துப் பதிவும் வைத்திருப்பவர்களை நேரடியாக எடுப்பது. நாலாவது, மருத்துவ உதவியாளர். இந்த நாலாவதில்தான் கவனம் வேண்டும். அது கௌரவமான, தேவையான வேலை. காயம்பட்டவனைக் களத்திலிருந்து தூக்கி வருபவர், முதல் கட்டுப் போடுபவர், முகாமின் மருந்தறையைப் பார்ப்பவர் எல்லாம் அவர்கள்தான். ஆனால் அது நர்ஸ் இல்லை. பதினைந்து வருடம் வார்டில் நின்று ஊசி போட்டிருந்தாலும், வெளியே வந்து ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று கையெழுத்துப் போட முடியாது.

எப்படிப் பிரித்தறிவது? நர்ஸ்களைப் பதிவு செய்கிற இடம் இலங்கைத் தாதியர் பேரவை, ஆகவே ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தப் பயிற்சி முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் என் பெயரைப் பதியலாமா?" ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்கலாம், நேரே போயும் கேட்கலாம். ஆம் என்று தெளிவாக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். "பிறகு பார்க்கலாம், உள்ளே வந்தால் எல்லாம் செய்து தருவோம்" என்று வந்தால், நர்சிங்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அது இல்லை என்பதற்குச் சமம்தான். ஹட்டனிலும் கண்டியிலும் பதுளையிலும் போர்டு மாட்டியிருக்கிற தனியார் நர்சிங் கோர்ஸ்களுக்கும் இதே கேள்விதான். அம்மாவின் தோட்டை அடகு வைத்து அங்கே பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

இரண்டாம் படி: கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

பட்டப்படிப்புக்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, ஒரே அமர்வில் சித்தி. சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எந்தப் பாடத்தில் எந்தத் தரம் என்பது அந்தந்த அழைப்பில் இருக்கும்.

நம் பக்கத்துக் கஷ்டம் வேறு இடத்தில் தொடங்குகிறது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் ஒழுங்காக நடக்கிற பாடசாலைகள் குறைவு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் போன்ற இடங்களுக்குத் தூரத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்து போர்டிங்கிலும் உறவினர் வீட்டிலும் தங்கிப் படிக்கிறார்கள். ஆகவே இதை வாசிக்கிற நீங்கள் இன்னும் பத்தாம் பதினோராம் வகுப்பில் இருந்தால், உங்கள் முதல் தீர்மானம் படை பற்றியதே இல்லை, பயோ எங்கே படிப்பது என்பதுதான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு மட்டும் இருக்கிறது என்பதற்காக அதையே எடுத்துவிட்டு பிறகு நர்சிங் கேட்டால், பெரும்பாலான கதவு மூடியிருக்கும்.

அப்புறம் சிங்களம். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். முப்படையின் அன்றாட மொழி சிங்களம். கட்டளை, பயிற்சி, விடுதி, லீவுக் கடிதம், வார்டில் நோயாளி பேசுவது, எல்லாம். கே.டி.யு.வில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் பாடம் முடிந்தபின் வாழ்க்கை சிங்களத்தில். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் கடையிலும் பஸ்ஸிலும் நன்றாகச் சிங்களம் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுவார்கள். உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற அந்த மாதங்கள் இதற்கென்றே கிடைத்தவை. சிங்களப் பத்திரிகையில் தினமும் ஒரு செய்தியை வாய்விட்டு வாசியுங்கள், உங்களைப் பற்றி ஒரு பக்கம் சிங்களத்தில் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலத்துக்கும் அதே. இரண்டு மொழியும் கைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைக்கு எந்த இன்டர்வியூவிலும் ஒரு தனி மரியாதை இருக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: பேப்பர்

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு பந்தியில் முடிகிற விஷயம். நமக்கு அப்படி முடியாது, ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

படைக்கு விண்ணப்பிக்க இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். போர்மில் "வம்சாவளி மூலமா, பதிவு மூலமா" என்று ஒரு கேள்வி வரும், பதிவு என்றால் சான்றிதழ் இலக்கம் கேட்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டியை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியாவோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதற்குப் பின் 1988இல் ஒரு சட்டம், கடைசியாக 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் என்று துண்டு துண்டாகத்தான் அந்த உரிமை திரும்பி வந்தது. அதனால் ஒரே வீட்டில் தாத்தா ஒரு விதமாகவும் அப்பா வேறு விதமாகவும் பிரஜையாகியிருப்பார்கள். இன்று உயர்தரம் முடிக்கிற வயதில் இருப்பவர்கள் அநேகமாக 2003க்குப் பின் பிறந்தவர்கள். நீங்கள் பிறக்கும்போது அப்பாவோ அம்மாவோ இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால் நீங்கள் வம்சாவளிப் பிரஜை. அந்தக் கட்டத்தில் தயங்காமல் அப்படி எழுதுங்கள். பெற்றோரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வீட்டில் எங்காவது பெட்டிக்குள் இருந்தால் தேடி எடுத்து, பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வையுங்கள். யாரும் கேட்காமலும் போகலாம், கேட்கிற நாளில் தேட நேரம் இருக்காது.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, பள்ளிக்கூடத்தில் லட்சுமி, அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஓரெழுத்து மாறி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பெயரைத் தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினால் இப்படித்தான் ஆகும். சாதாரண வேலைக்கு இதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், படைக்கு விடமாட்டார்கள். பின்னணி விசாரணை இருப்பதால் எல்லாப் பேப்பரிலும் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ் நாலையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரைப் போய்ப் பாருங்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே விளம்பரம் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

முகவரி இன்னொரு தலைவலி. லயத்துக்கு வீட்டு இலக்கம் இருக்காது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாற்கந்தோர், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து அங்கேயே கிடக்கும். இன்டர்வியூக் கடிதம் திகதி தாண்டிக் கைக்குக் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டு காரியம் செய்யுங்கள்: விண்ணப்பத்தில் எப்போதும் எடுக்கிற போன் இலக்கத்தையும் உங்கள் சொந்த ஈமெயிலையும் எழுதுங்கள், டவுனில் கடை வைத்திருக்கிற மாமாவோ ஆசிரியரோ இருந்தால் அவர்களின் முகவரியைத் தபால் முகவரியாகக் கேட்டு வாங்குங்கள். நிரந்தர முகவரி மட்டும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறபடியே இருக்கட்டும், ஏனென்றால் கிராம சேவகர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் அதை வைத்துத்தான் வரும்.

நாலாம் படி: இப்போது படை

இராணுவம் 1949இல் தொடங்கியது, மூன்றிலும் பெரியது. ஆஸ்பத்திரிகளும் அதற்குத்தான் அதிகம். நாரஹேன்பிட்டியில் கொழும்பு இராணுவ ஆஸ்பத்திரி, வடக்கிலும் அனுராதபுரத்திலும் ஆஸ்பத்திரிகள், நமக்குப் பக்கத்தில் தியத்தலாவ. நர்ஸுக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், வேலை விதம்விதமாகக் கிடைக்கும். சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு, தீக்காயம், தீவிர சிகிச்சை, அங்கம் இழந்தவர்களின் புனர்வாழ்வு என்று பெரிய வார்டுகள். 2009இல் போர் முடிந்துவிட்டது, ஆனால் அதில் கால் இழந்தவர்களும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்கள். நீண்டகாலப் பராமரிப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள அந்த வார்டுகளைப் போல வேறு இடம் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டு அனுபவமும் உண்டு. தென் சூடானில் ஐ.நா. அமைதிப்படைக்காக இலங்கை இராணுவம் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்திருக்கிறது, அதற்கு டொக்டர்களோடு நர்ஸ்களும் போனார்கள்.

தியத்தலாவயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகப் பிள்ளைக்கு அது வெறும் பெயர் இல்லை, பதுளை ரயிலில் போகும்போது ஜன்னலில் தெரிகிற ஊர். இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிக்கழகம் அங்கேதான். 2020 பெப்ரவரி முதலாந்திகதி சீனாவின் வூஹானிலிருந்து கூட்டிவந்த 33 மாணவர்களைத் தனிமைப்படுத்தி வைத்ததும் அங்கேதான். கொரோனா என்றால் என்னவென்று நாடு சரியாகப் புரிந்துகொள்ளாத நாட்கள் அவை. படை மருத்துவம் என்றால் குண்டடி மட்டும் என்று நினைக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்களை மூடியபோது மண்ணைத் தோண்டியவர்களில் இராணுவத்தினர் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோதும் முப்படையும் இறங்கியது. அந்த மாதிரி இடத்தில் சகதிக்குள்ளிருந்து தூக்கி வருகிற ஓர் ஆச்சியோடு தமிழில் பேச ஒரு நர்ஸ் இருப்பது என்ன பெறும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், நர்சிங் திறமை ஒன்றுக்காகவே படைக்குப் போகிற பிள்ளைக்கு இராணுவம்தான் முதல் தெரிவு. வார்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு படிக்கலாம்.

விமானப்படை 1951இல் தொடங்கியது. சிறியது, ஆஸ்பத்திரிகள் கொழும்பு, கட்டுநாயக்க பக்கம். இதன் தனித்தன்மை வானத்தில் நோயாளியைக் கொண்டுபோவது. ஹெலிகொப்டருக்குள் சத்தத்தில் இதயத் துடிப்பைக் காதால் கேட்க முடியாது, உயரம் கூடக் கூட ஒட்சிசன் குறையும், உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும், நெஞ்சுக்குள் காற்றுக் கசிந்த நோயாளி அதிலேயே மோசமாகலாம். இதெல்லாம் தெரிந்த நர்ஸ் உலகம் முழுக்கவே குறைவு. ஆனால் எல்லோருக்கும் அந்த வேலை கிடைக்காது, பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி வார்டிலும் முகாம் மருந்தகத்திலும்தான் இருப்பார்கள். ஹெலிகொப்டர் கனவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விமானப்படைக்கும் தியத்தலாவயில் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, தொழிற்பயிற்சி ஏக்கலயில், அதிகாரிகளுக்குச் சீனக்குடா. முகாம்கள் குறைவு என்பதால் எங்கே போடுவார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம், சில குடும்பங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

கடற்படை: வெலிசறையிலும் திருகோணமலையிலும் ஆஸ்பத்திரி, அதிகாரிப் பயிற்சியும் திருகோணமலையில். வாழ்க்கை முழுக்கக் கரையோரம். நீச்சல் பழக வேண்டும், நம் பிள்ளைகள் பலர் ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை, ஆனால் அது பழகிக்கொள்ளக் கூடியதுதான், அதற்காகப் பின்வாங்க வேண்டாம். தூரம்தான் யோசிக்க வேண்டியது. திருகோணமலையிலிருந்து மஸ்கெலியாவுக்கு இரண்டு நாள் லீவில் வந்துபோனால் லீவில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். அம்மா தனியாக இருக்கிறாள், தம்பி தங்கச்சி சின்னது என்கிற வீட்டில் இதைக் கணக்கில் எடுங்கள்.

இந்த மூன்றில் எது கௌரவம் கூடியது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அது நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை விதமான நோயாளி, மேற்படிப்புக்கு விடுவார்களா, லீவில் வீட்டுக்கு வர எத்தனை மணித்தியாலம், இந்த மூன்றைக் கேளுங்கள். கே.டி.யு.வின் ஆஸ்பத்திரி வேரஹெரயில் இருக்கிறது, அங்கே பொதுமக்களும் காசு கட்டிச் சிகிச்சைக்கு வருகிறார்கள், ஆகவே அந்த வழியில் படிப்பவர்களுக்குப் பிள்ளைப்பேறு, குழந்தை வார்டு, வயதானவர்கள் என்று சாதாரண நோயாளிகளையும் பார்க்கக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: உடம்பு

உயரம், நிறை, கண், காது, பல், இதயம், சிறுநீர், இரத்தம், எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குருடு இருந்தால் பல பதவிகளுக்கு முடியாது, முன்கூட்டியே கண் டொக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் விழுகிற இடம் உயரமும் இரத்தமும். 2016இல் நாடு முழுவதும் எடுத்த மக்கள்தொகை, சுகாதார அளவாய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாட்டு மொத்தத்தில் அது 17.3 சதவீதம். தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலியில், குறைந்த சாப்பாட்டில் வாழ்ந்ததன் விளைவு ஆள்சேர்ப்பு மண்டபத்தில் அளவுகோலுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும். உயரத்தை இப்போது மாற்ற முடியாது. விளம்பரத்தில் இருக்கிற உயரத்தை வீட்டிலேயே சுவரோடு நின்று அளந்து பாருங்கள், ஓர் அங்குலம் குறைவென்றால் கொழும்புக்குப் பஸ் காசு செலவழிக்க முன் அந்த அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், கீழே வருகிற மற்ற வழிகளையும் பாருங்கள். இரத்தம் மாற்றக்கூடியது. முகம் வெளிறி, மலையேறினால் மூச்சு வாங்குகிற பெண் பிள்ளைகள் மூன்று நாலு மாதம் முன்பே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்து, டொக்டர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரை எடுங்கள். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, தோடம்பழச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். சூத்தைப் பல் இருந்தால் இப்போதே அடைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு நம் ஊர் ரோட்டே போதும். தினமும் தண்டாலும் சேர்த்துச் செய்யுங்கள், பெண் பிள்ளைகளும்தான்.

ஆறாம் படி: வீட்டில் பேசுவது

தமிழ்ப் பிள்ளை இராணுவத்துக்குப் போவது என்பது வீட்டில் ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிகிற பேச்சு இல்லை. முப்பது வருடப் போர் நடந்த நாடு இது. அந்தக் காலத்தில் மலையகத்து இளைஞர்களும் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்கள். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ அப்படி ஓர் அனுபவம் இருந்தால், அவர் "வேண்டாம்" என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பயம் என்று ஒதுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபின் நீங்கள் என்ன தீர்மானித்தாலும் அது உங்கள் தீர்மானம்.

நர்ஸ் என்றாலும் சிப்பாய்தான், அடிப்படைப் பயிற்சியில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதே நேரம் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை மருத்துவ ஆளணிக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது, அதற்குப் பதிலாக ஒரு கடமையும் வைக்கிறது: காயம்பட்டவன் எந்தப் பக்கத்தவன் என்று பார்க்காமல் சிகிச்சை செய்ய வேண்டும், யாருக்கு முதலில் என்பதை மருத்துவத் தேவை மட்டுமே தீர்மானிக்க வேண்டும். இதை மனப்பூர்வமாக ஏற்கிற பிள்ளை போகலாம் என்பது என் நிலைப்பாடு. துப்பாக்கியைத் தொடவே மனம் ஒப்பாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நர்சிங்குக்கு வேறு வழி இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது கல்யாணம் பற்றி. சேரும்போது மணமாகாதவராக இருக்க வேண்டும், பயிற்சி முடியும்வரை கட்டிக்கொள்ள விடமாட்டார்கள், அதன்பின் அனுமதி எடுத்துக் கட்டலாம். எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டிப் பேசினால் பாதிச் சண்டை குறையும். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: நர்சிங் பொம்பளை வேலை என்று ஊரில் சிரிப்பார்கள், படை ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ்கள் சாதாரணம், கவலைப்படாதீர்கள்.

ஏழாம் படி: ஒரே வழியில் மட்டும் நிற்காதீர்கள்

படைக்கு விண்ணப்பிக்கிற அதே கையால் சுகாதார அமைச்சின் மூன்று வருட நர்சிங் டிப்ளோமாவுக்கும் விண்ணப்பியுங்கள். வர்த்தமானியில் வரும். கண்டி, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களில் தாதியர் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கின்றன, படிக்கும்போது கொடுப்பனவும் உண்டு, முடிந்ததும் அரசாங்க வேலை. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் நர்சிங் பட்டப்படிப்பும் இருக்கிறது, அதற்கு இசட் புள்ளிதான், அதாவது உயர்தர ரிசல்ட்டிலிருந்து கணக்கிடுகிற புள்ளிதான் வாசல். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் மாவட்டக் கோட்டா நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

சொந்த சனத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் மனதில் இருக்கிற ஆசை என்றால், அமைச்சின் வழியைத்தான் முதலில் சொல்வேன். 2017 மே மாதம் திறந்த டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் மாதிரி இடங்களில் கொழுந்து மலையிலிருந்து நேரே வருகிற நோயாளிக்குத் தமிழில் மருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். படை ஆஸ்பத்திரியில் உங்கள் நோயாளிகள் பெரும்பாலும் படையினரும் அவர்கள் குடும்பத்தினரும்.

வெளிநாட்டுப் படை என்று கேட்கிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் நர்ஸ் என்றால் அதிகாரி, பட்டமும் லைசென்சும் அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். மரைன் படைக்குத் தனி நர்ஸ் கிடையாது, கடற்படைதான் அனுப்பும். இந்திய இராணுவத் தாதியர் சேவை இந்தியக் குடியுரிமை உள்ள பெண்களை எடுக்கிறது, தமிழ்நாட்டில் சொந்தம் இருக்கிறது என்பதால் மட்டும் அது நமக்குத் திறக்காது. பிரித்தானியப் படை பொதுநலவாய நாட்டவர்களை எடுத்திருக்கிறது, எடுக்கிற காலத்தில் நர்ஸுக்கு அந்நாட்டுப் பதிவு வேண்டும். எந்த வழியை யோசித்தாலும் இங்கே முறையாகப் படித்துப் பதிவு எடுத்திருப்பதுதான் அடித்தளம்.

எட்டாம் படி: இன்டர்வியூவும் ஒப்பந்தமும்

கொழும்பில் காலையில் இன்டர்வியூ என்றால் அன்று விடிய பஸ் ஏறாதீர்கள், மழைக் காலத்தில் கினிகத்தேனைப் பாதையில் மண் விழுந்தால் போச்சு. முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். மூலச் சான்றிதழ் ஒரு பைலில், பிரதிகள் இன்னொரு பைலில். "ஏன் படை?" என்று கட்டாயம் கேட்பார்கள். நாட்டுப்பற்று என்று மனப்பாடம் செய்த வசனத்தை எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் உங்கள் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்: நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் போன ஒரு பிரசவம், தமிழில் சொல்ல ஆளில்லாமல் பிழையாக எடுத்த மாத்திரை, அதனால் நர்சிங் என்று. சிங்களத்தில் தடுமாறினாலும் பரவாயில்லை, மௌனமாக மட்டும் நிற்காதீர்கள்.

தெரிவானால் ஒப்பந்தம் வரும். எத்தனை வருடக் கட்டாய சேவை, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பென்சனுக்கு எத்தனை வருடம், மேற்படிப்புக்குப் போனால் சேவைக் காலம் கூடுமா, இவற்றைத் தேடி வாசியுங்கள். மொழி விளங்காவிட்டால் டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், அந்தச் செலவு பெரிதல்ல. பெரும்பாலும் இரண்டு பிணையாளர் கேட்பார்கள், நிரந்தர வருமானம் காட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிற வீட்டில் இந்த ஒரு வரியில் தெரிவான பிள்ளையின் இடம் போய்விடக்கூடும். திகதி நெருங்கியபின் வாசல் வாசலாக ஓடுவதைவிட, விண்ணப்பம் போடுகிற நாளிலேயே உங்களுக்குப் படிப்பித்த சேர், டீச்சர், தபாற்கந்தோரில் வேலை செய்கிற பெரியப்பா என்று இரண்டு பேரிடம் போய், ஒப்பந்தத்தில் அவர்களுக்கு என்ன பொறுப்பு வரும் என்பதையும் மறைக்காமல் சொல்லி, சம்மதம் கேட்டு வைத்துவிடுங்கள்.